மற்றவை மாறாதிருக்கும்போது

பொருளியல் படிப்பின் முதல் உள்தேர்வில் நான் எழுதிய ஒரு பதில் இன்னும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. "விலை ஏறினால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை இறங்கும். ஆகவே விலை ஏற்றம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்." எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, ஏதோ இயற்கை விதியையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி. தாள் திரும்பி வந்தபோது அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் "எந்தத் தேவை?" என்று இரண்டே சொற்கள். 10க்கு 2 மதிப்பெண். அந்த இரண்டும் படம் போட்டதற்காக.

தேவை என்றால் தேவைதானே, அதில் எந்தத் தேவை என்று என்ன கேள்வி? புரியாமல் ஆசிரியரிடம் போனேன். அவர் ஒரு தாளில் சரிவாக ஒரு கோடு இழுத்தார். அதன் மேல் விரலை வைத்து மேலே கொஞ்சம் நகர்த்தினார். "இது ஒன்று." பிறகு பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, "இது வேறொன்று. முதலாவதில் கோடு அங்கேயேதான் இருக்கிறது, நான்தான் நகர்ந்தேன். இரண்டாவதில் கோடே நகர்ந்துவிட்டது. நீ விரலை நகர்த்திவிட்டுக் கோடு நகர்ந்தது என்று எழுதியிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான், அடுத்த மாணவனின் தாளை எடுத்துவிட்டார்.

அன்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். புரிந்தது என்னவோ மூன்று வாரம் கழித்துத்தான்.

விலை ஏறும்போது குறைவது தேவை இல்லை, தேவைப்படும் அளவு. தேவை என்பது அந்த முழுக் கோடும்: இந்த விலைக்கு இவ்வளவு வாங்குவார்கள், அந்த விலைக்கு அவ்வளவு வாங்குவார்கள் என்கிற மொத்தப் பட்டியல். விலை மாறினால் பட்டியலில் வேறு வரிக்குப் போகிறோம், பட்டியல் மாறுவதில்லை. வருமானம் மாறினால், ரசனை மாறினால், மாற்றுப் பொருளின் விலை மாறினால், வாங்குகிறவர்களின் எண்ணிக்கை மாறினால், நாளைக்கு விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு வந்தால்தான் பட்டியலே மாறும். மழைக்காலத்தில் குடையின் விலையும் ஏறுகிறது, விற்பனையும் ஏறுகிறது. இதைப் பார்த்துவிட்டுத் தேவை விதி பொய் என்று வாதம் செய்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன் (ஒரு வாரம் அந்தக் கட்சியில் நானும் இருந்தேன்). மழை கோட்டை வலப்பக்கம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். விலை ஏறியதால் விற்பனை கூடவில்லை. மழை பெய்ததால் இரண்டும் கூடின.

இதெல்லாம் புத்தகத்தில் முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. ஒவ்வொரு விதியின் தொடக்கத்திலும் "மற்றவை மாறாதிருக்கும்போது" என்று ஒரு சொற்றொடர் வரும். லத்தீனில் செட்டரிஸ் பாரிபஸ். கடிதத்தின் தலையில் வரும் "நலம், நலமறிய ஆவல்" மாதிரி அதைக் கண்ணால் தாண்டிவிட்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுவேன். விஷயமே அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அன்றாடத் தமிழில் தேவை என்றால் அவசியம். பொருளியலில் தேவை என்றால் வாங்கும் விருப்பமும் இருக்க வேண்டும், அதற்குக் கையில் பணமும் இருக்க வேண்டும். தாகத்தில் தவிக்கிறவனிடம் காசு இல்லையென்றால் இந்தக் கணக்கில் அவனுடைய தேவை பூஜ்யம். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் சந்தை என்கிற ஏற்பாடு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குக் கேள்வி என்று பெயர், விற்பவர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் அளிப்புக்கு நிரம்பல். கேட்பதால் கேள்வி. தேவையைவிட அது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடைத்தெருவில் எல்லோரும் சொல்லும் கிராக்கி இன்னும் பொருத்தம், ஆனால் தேர்வில் கிராக்கி வளைகோடு என்று எழுதிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

கணிதப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு எரிச்சல் உண்டு. எது மாறுவதால் எது மாறுகிறதோ, அந்த முதலாவதைக் கிடை அச்சில் போட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இங்கே விலை மாறுவதால் அளவு மாறுகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே விலையைச் செங்குத்து அச்சில் போடுகிறார்கள். காரணம் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர். 1890இல் வந்த அவருடைய நூலின் வழியாகத்தான் இந்தப் படம் வகுப்பறைகளில் நிலைத்தது. அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்: இவ்வளவு அளவு சந்தைக்கு வந்தால், அதற்கு மக்கள் என்ன விலை கொடுக்கத் தயாராக இருப்பார்கள்? அவருடைய கேள்வியை விட்டுவிட்டோம், படத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். இது தெரியாததால் நெகிழ்ச்சிக் கணக்கில் (விலை மாறினால் அளவு எவ்வளவு மாறும் என்று பார்ப்பது) சாய்வைத் தலைகீழாகப் போட்டு நான் இழந்த மதிப்பெண்கள் கொஞ்சநஞ்சமல்ல. விலையைத் தீர்மானிப்பது தேவையா அளிப்பா என்று கேட்பது கத்தரிக்கோலின் எந்த அலகு காகிதத்தை வெட்டுகிறது என்று கேட்பது மாதிரி என்று சொன்னவரும் மார்ஷல்தான். அதற்காக அச்சுக் குழப்பத்தை மன்னித்துவிட்டேன்.

சரி, கோடு நகர்வதும் கோட்டின் மேல் நகர்வதும் எனக்கு உண்மையில் எப்போது பிடிபட்டது என்றால், ஒரு வரிக் கணக்கைப் போட்டபோது. விலை P, அளவு Q என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை: Q = 100 − 2P. அளிப்பு: Q = 10 + P. இரண்டையும் சமன்படுத்தினால் விலை 30, அளவு 40. இப்போது ஒவ்வொரு அலகுக்கும் 15 வரி, விற்பவர் கட்ட வேண்டும். கணக்கைப் போடாமல் விடை சொல் என்றால் அன்றைய நான் "விலை 45 ஆகும், வரி முழுக்க வாங்குகிறவர் தலையில்தான்" என்றிருப்பேன். தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

போட்டுப் பார்த்தால் விற்பவர் கையில் மிஞ்சுவது P − 15, ஆகவே அளிப்பு Q = 10 + (P − 15). சமன்படுத்தினால் விலை 35, அளவு 30. வாங்குகிறவர் முன்பு 30 கொடுத்தார், இப்போது 35 கொடுக்கிறார். விற்பவருக்கு முன்பு 30 கிடைத்தது, இப்போது வரி போக 20. வரியில் 5 வாங்குகிறவர் மேல், 10 விற்பவர் மேல். சட்டம் யார் பெயரில் ரசீது போடச் சொல்கிறது என்பதற்கும் சுமை யார் மேல் விழுகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதே வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதே 35, அதே 20 வந்து நிற்கும். நான் மூன்று முறை போட்டேன், முதல் இரண்டு முறை நம்பவில்லை. விலை மாறும்போது யாரால் சட்டென்று விலகிப்போக முடியவில்லையோ அவர் தலையில்தான் சுமை அதிகம். இந்தக் கணக்கில் அது விற்பவர். வரி வந்ததும் அளிப்புக் கோடு நகர்ந்தது. தேவைக் கோடு அசையவேயில்லை, அதன் மேல் 40இலிருந்து 30க்கு நாம் நடந்து போனோம். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு மைக் கேள்வி எனக்கு உறைத்தது.

மைக்ரோவில், அதாவது தனி ஆள், தனி நிறுவனம், தனிச் சந்தை என்று பார்க்கும் பொருளியலில், அடுத்து எல்லோரும் தடுக்கி விழும் இடம் இறுதிநிலை: கடைசியாகக் கூடும் ஓர் அலகால் வருவது. இறுதிநிலைச் செலவுக் கோடு, சராசரிச் செலவுக் கோட்டை அதன் அடிமட்டத்தில் வெட்டும் என்று படத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்து போடுவார்கள், ஏன் என்று கேட்டால் தெரியாது. மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. முதல் தேர்வில் 80, இரண்டாவதில் 40. சராசரி 60. மூன்றாவதில் 50 வாங்குகிறீர்கள், போன தடவையைவிடப் பத்து கூட. ஆனாலும் சராசரி 56.7க்கு இறங்கிவிடுகிறது. இறுதிநிலை ஏறிக்கொண்டிருக்கும்போதே சராசரி இறங்க முடியும், புதிதாக வருவது சராசரிக்குக் கீழே இருக்கும்வரை. சராசரியை எட்டிப் பிடித்துத் தாண்டும் இடத்தில்தான் அது திரும்பும். இதை அனுபவித்து அறியாத மாணவர் உலகத்தில் இருக்க முடியாது, ஆனாலும் புத்தகங்கள் எல்லாம் தொழிற்சாலையை வைத்தே விளக்குகின்றன.

நிறைவுப் போட்டி, முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை, முற்றுரிமைப் போட்டி என்று, விற்பவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரிக்கும் சந்தை வகைகளுக்கு ஒதுக்கும் பக்கங்கள் அதிகம் என்பது என் கருத்து. லாபம் உச்சமாவது இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் சமமாகும் இடத்தில் என்ற ஒரே யோசனையை நான்கு சட்டை மாற்றிப் போட்டுக் காட்டுகிறார்கள். வாய்ப்புச் செலவுக்கு (ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட மற்றதன் மதிப்பு) வருவது இரண்டு பக்கம், அதுதான் வாழ்நாள் முழுக்கக் கூட வரப்போவது. போகட்டும்.

இரண்டாம் பருவத்தில், நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் மேக்ரோ வந்தது. மைக்ரோ தெரிந்துவிட்டது, இனி அதையே பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான், ஒருவர் வாங்குவதை நாட்டின் மக்கள்தொகையால் பெருக்கினால் தீர்ந்தது என்ற நினைப்பில் போய் உட்கார்ந்தேன். நார்வேக்காரரான ராக்னர் ஃபிரிஷ் 1933இலேயே இந்த மைக்ரோ, மேக்ரோ பிரிவைப் போட்டுப் பேசிவிட்டார். பொருளியலுக்கு நோபல் பரிசு வந்த முதல் ஆண்டான 1969இல் அதைப் பெற்ற இருவரில் ஒருவர் அவர். வெறும் பெருக்கல் கணக்காக இருந்தால் இரண்டு பெயர் எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் அடி சொற்களில் விழுந்தது. முதலீடு என்றால் பங்கு வாங்குவது, நிலம் வாங்குவது என்று இருந்தேன். மேக்ரோவில் அது எதுவும் முதலீடு இல்லை, ஏற்கெனவே இருக்கும் சொத்து கை மாறுகிறது, அவ்வளவுதான். புதிய இயந்திரம், புதிய கட்டடம், கிடங்கில் கூடும் சரக்கு, இவைதான் முதலீடு. விற்காமல் தேங்கிப்போன சரக்கும் முதலீட்டுக் கணக்கில்தான் வரும் என்று படித்தபோது இது ஏதோ கணக்கப்பிள்ளை வேலை, புத்தகத்தைச் சமன்செய்ய யாரோ செருகியது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்கே வருகிறேன், அது பெரிய விஷயம்.

இறக்குமதியும் அப்படித்தான். ஜிடிபி, அதாவது நாட்டுக்குள் நடந்த மொத்த உற்பத்தியின் மதிப்பு. அதன் சூத்திரத்தில் நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி எல்லாம் கூட்டல், இறக்குமதி மட்டும் கழித்தல். ஆகவே இறக்குமதி செய்தால் ஜிடிபி குறையும் என்று நானும் எழுதினேன், இன்றைக்கும் விவரம் தெரிந்தவர்களே தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். வெளிநாட்டில் செய்த 100 மதிப்புள்ள பொருளை நான் வாங்கினால் நுகர்வில் 100 கூடும், இறக்குமதியில் 100 கழியும், நிகரம் பூஜ்யம். உள்ளே உற்பத்தியாகாத ஒன்று நுகர்வுக் கணக்கில் நுழைந்துவிட்டது, அதை வெளியே எடுக்கிறார்கள். அந்தக் கழித்தல் குறிக்கு அதற்கு மேல் அர்த்தமில்லை. இறக்குமதியால் உள்ளூர் உற்பத்தி குறையுமா கூடுமா என்பது வேறு கேள்வி, அதற்குச் சூத்திரம் பதில் சொல்லாது.

அப்புறம் சேமிப்பு. இந்த அத்தியாயத்தில்தான் ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கூடுதலாகச் சேமிக்க முடிவெடுத்தால் மொத்தச் சேமிப்பு கூடாமலே போகலாம் என்கிறது புத்தகம். அறைத் தோழன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், எல்லாரும் உண்டியலில் போட்டா உண்டியல் நிறையாதா? என்னடா படிப்பு இது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். என்னிடம் பதில் இல்லை. அதனால் எண்களை எடுத்தேன்.

அரசு இல்லை, வெளிநாடு இல்லை. வருமானம் Y. மக்கள் நுகர்வு 100 + 0.8Y, அதாவது கூடுதலாக வரும் ஒவ்வொரு 10இலும் 8ஐச் செலவழிக்கிறார்கள். நிறுவனங்களின் முதலீடு 100. வருமானமும் செலவும் சமமாகும் இடம் Y = 1000. நுகர்வு 900, சேமிப்பு 100. இப்போது எல்லோரும் எந்த வருமானத்திலும் முன்பைவிட 20 கூடுதலாகச் சேமிப்பது என்று முடிவெடுக்கிறார்கள். நுகர்வு 80 + 0.8Y ஆகிறது. புதிய சமநிலை Y = 900. நுகர்வு 80 + 720 = 800. சேமிப்பு? 900 − 800 = 100. அதே 100! எல்லோரும் வயிற்றைக் கட்டினார்கள், வருமானம் 100 குறைந்தது, உண்டியலில் ஒரு காசுகூட ஏறவில்லை.

எண் சரிதான், ஆனால் நடுவில் என்ன நடந்தது? அங்கேதான் அந்தத் தேங்கிய சரக்கு வருகிறது. மக்கள் 20 குறைத்து வாங்கிய முதல் நாள், கடைகளில் 20 அளவு சரக்கு விற்காமல் நிற்கிறது. கணக்குப்படி அது முதலீடு, ஆனால் யாரும் திட்டமிடாத முதலீடு. அன்றைக்குச் சேமிப்பு 120, முதலீடும் 120, ஏட்டில் எல்லாம் சமம். ஆனால் கிடங்கைப் பார்த்த முதலாளி அடுத்த வாரம் உற்பத்தியைக் குறைக்கிறார், அங்கே வேலை செய்கிறவரின் வருமானம் குறைகிறது, அவர் தன் செலவைக் குறைக்கிறார், இன்னொரு கிடங்கில் சரக்கு தேங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதில் 0.8 பங்கு: 20, 16, 12.8... கூட்டினால் 100. பெருக்கி 5 என்று சூத்திரமாக மனப்பாடம் செய்தது இந்தக் கதையைத்தான். சேமிப்பும் முதலீடும் எப்போதும் சமம் என்பது கணக்குப் பதிவின் உண்மை. திட்டமிட்ட சேமிப்பும் திட்டமிட்ட முதலீடும் சமமாகும் இடத்தில்தான் பொருளாதாரம் நிற்கும் என்பது வேறு உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியமாகப் படித்துக்கொண்டிருந்ததால்தான் அந்த இரவு அவ்வளவு நீண்டது.

தோழனின் உண்டியல் வாதம் எங்கே தப்பு? தனி ஆள் சேமிக்கும்போது அவன் வருமானம் மாறாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவன் வாங்காமல் விட்டது யாரையும் அசைக்காது. எல்லோரும் சேர்ந்து செய்யும்போது அதை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம். மற்றவை மாறாதிருக்கும்போது என்ற அந்தச் சொற்றொடர் மைக்ரோவில் ஒரு வசதி. மேக்ரோவில் அந்த "மற்றவை"தான் பாடமே.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே புத்தகத்தில் நூறு பக்கம் முன்னால், பொருளாதார வளர்ச்சி அத்தியாயத்தில், பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956இல் தந்த ஒரு மாடல் இருக்கிறது. சேமிப்பு விகிதம் கூடினால் மூலதனம் கூடும், நீண்டகாலத்தில் தலைக்கு வருமானம் உயரும் என்கிறது அது. ஒரே புத்தகம், இங்கே சேமிப்பு நல்லது, அங்கே சேமிப்பு ஆபத்து. எது சரி என்று வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. "முதல் கணக்கில் எதை மாறாமல் வைத்தாய்?" என்று திருப்பிக் கேட்டார். முதலீட்டை 100 என்று நிறுத்தி வைத்திருந்தேன். சோலோவில் சேமித்ததெல்லாம் முதலீடாகிவிடும், உற்பத்தியைத் தீர்மானிப்பது மூலதனமும் உழைப்பும் தொழில்நுட்பமும், வாங்க ஆள் இருக்கிறதா என்ற கவலையே கிடையாது. ஒன்று இயந்திரங்கள் சும்மா நிற்கும் காலத்தின் கதை, இன்னொன்று அவை முழுதாக ஓடும் காலத்தின் கதை. 1933இல் அமெரிக்காவில் உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலைகள் எங்கும் போய்விடவில்லை, ஆட்களும் எங்கும் போய்விடவில்லை. 1936இல் பிரிட்டன் பொருளியலாளர் கெய்ன்ஸ் எழுதியது அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு. முதல் வாரத்திலேயே இந்த வரலாற்றைச் சொல்லியிருந்தால் பாதிச் சூத்திரங்கள் தானாக நினைவில் நின்றிருக்கும், பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இவ்வளவு புரிந்த பிறகும் இறுதித் தேர்வில் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தேவைக் கோடு ஏன் கீழ்நோக்கிச் சரிகிறது என்ற கேள்வி. விலை குறைந்தால் மற்ற பொருளை விட்டுவிட்டு இதை வாங்குவார்கள், ஆகவே சரிகிறது என்று எழுதினேன். படம் மைக்ரோ படம் மாதிரியே இருந்ததால் கை தானாக எழுதிவிட்டது. செங்குத்து அச்சில் இருப்பது ஒரு பொருளின் விலை இல்லை, மொத்த விலைமட்டம். எல்லா விலையும் சேர்ந்து இறங்கினால் எந்தப் "மற்ற பொருளை" விட்டுவிட்டு வருவது? அங்கே காரணங்களே வேறு: கையிலுள்ள பணத்தின் வாங்கும் சக்தி கூடுகிறது, வட்டி இறங்கி முதலீடு கூடுகிறது, நம் சரக்கு வெளிநாட்டாருக்கு மலிவாகிறது. ஒரே மாதிரி இரண்டு படம் போட்டதுதான் இந்தப் பாடத்தின் பெரிய சதி.

மேக்ரோவில் எனக்குப் பிடித்த ஆள் பில் ஃபிலிப்ஸ். நியூசிலாந்துக்காரர், பொறியியல் பின்னணி உள்ளவர். 1949இல் லண்டனில் ஒரு பொருளாதாரத்தின் வருமானச் சுழற்சியை அப்படியே தண்ணீரும் குழாய்களும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டிகளுமாகக் கட்டிக் காட்டினார். வரியைத் திறந்தால் ஒரு பக்கம் வடியும், சேமிப்பு இன்னொரு தொட்டியில் ஏறும். பெருக்கியைச் சூத்திரமாகப் பார்த்துக் கண் வலித்தவர்களுக்கு அந்த இயந்திரத்தின் படம் ஒன்று போதும். 1958இல் அவரே பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான புள்ளிவிவரங்களை வைத்து, வேலையின்மை குறைவாக இருந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியிருப்பதை ஒரு கோடாகப் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு ஆசை வந்தது: கொஞ்சம் பணவீக்கத்தைத் தாங்கிக்கொண்டால் வேலையின்மையைக் குறைத்துவிடலாமே. பொருளியலாளர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960களின் இறுதியிலேயே எச்சரித்தார்கள், பணவீக்கம் வரும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கோடு அங்கேயே நிற்காது என்று. 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. தேக்கவீக்கம் என்று அதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. கோட்டின் மேல் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கோடே நகர்ந்துவிட்டது. என் முதல் உள்தேர்வுத் தவறை மத்திய வங்கிகளும் செய்திருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அவர்களுக்குச் சிவப்பு மையால் எழுதியவர் அப்போது அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பால் வோல்க்கர், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குறுங்கால வட்டி ஒரு கட்டத்தில் 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. பணவீக்கம் இறங்கியது, வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மருந்து இனாமாக வரவில்லை.

மைக்ரோ சுலபம், அங்கே மற்றவை சொன்னபடி மாறாமல் நிற்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. குறைந்தபட்சக் கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்பது முதல் மாதத்திலேயே போடும் படம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் அதை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05க்கு ஏற்றியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லைக்கு இரு பக்கமும் இருந்த விரைவு உணவகங்களில் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆட்கணக்கு எடுத்தார்கள். 1994இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி நியூஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. பெரிய சண்டை நடந்தது, இன்னும் முழுதாக ஓயவில்லை. 2021இல் கார்டுக்கு நோபலில் பங்கு கிடைத்தது, க்ரூகர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இறந்துவிட்டார். அந்த ஆய்வின் முடிவைவிட அதன் வழிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மற்றவை மாறாதிருக்கும்போது என்று தாளில் எழுதிவிட்டுப் போகாமல், மாறாத அந்த "மற்றவை"யை வரைபடத்தில் எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்த் தேடியிருக்கிறார்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பெரிய உத்தி எதுவும் இல்லை. படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், வெற்றுத் தாளில் அச்சுகளுக்குப் பெயர் எழுதிவிட்டுப் பிறகு கோடு போடுங்கள், பாதித் தவறு பெயர் எழுதும்போதே தெரிந்துவிடும். சின்ன எண்களை வைத்து நீங்களே கணக்கை உண்டாக்கிப் போடுங்கள். மைக்ரோவை முழுதாக முடித்துவிட்டுத்தான் மேக்ரோ என்று சிலர் சொல்வார்கள், எனக்கு உடன்பாடில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் எங்கே முட்டுகிறது என்று தெரியும்.

போன வாரம் முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். "அண்ணா, வட்டி ஏறினா சேமிப்பு கூடும்னு எழுதலாமா?" நானும் பெரிய ஆள் மாதிரி, எதை மாறாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாளின் புகைப்படம் வந்தது. மூன்று கோடு போட்டு, இரண்டை அடித்து, ஓரத்தில் வட்டி ஏறினால் அதே இலக்கை எட்டக் குறைவாகச் சேமித்தாலே போதுமே என்று எழுதி, அதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே கேட்டிருந்தாள்: "எந்த வட்டி அண்ணா? பெயரளவு வட்டியா, பணவீக்கம் போக உள்ளதா?"

பதில் எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.